லெமினேட் செய்த உறுதி

இஞ்சாருங்கோ,

இன்றைக்கு மத்தியானம் காலி வீதியில் நாங்கள் வழக்கமாகப் போகிற போட்டோகொப்பிக் கடைக்குள் கால் வைத்ததும் அந்த மணம் மூக்கில் அடித்தது. சூடேறிய பிளாஸ்ரிக் மணம். கடைக்காரர் என் கையிலிருந்த கடதாசியைப் பார்த்துவிட்டு, "கொப்பி எடுத்திட்டு லெமினேட்டும் பண்ணி விடவோ அன்ரி? பழுதாகாமல் கிடக்கும்" என்றார். "வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கத்தியது உங்களை என்று அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்?

ஓம், கோபம்தான். செத்துப்போய் இரண்டு வருடமான மனுசனோடு கோபிக்கக்கூடாது என்று மகள் சொல்கிறாள். அவளா காணிப் பதிவகத்துக்கு ஆறு தரம் அலைந்தாள்?

வெள்ளவத்தையில் இந்த மூன்றாம் மாடி வீட்டை வாங்கியபோது என் சீதனக் காணியை விற்றுத்தான் வாங்கினோம். வீட்டு உறுதிப் பத்திரத்தில் மட்டும் உங்கள் பெயர் தனியாக இருந்தது. அதை வருடக்கணக்காகச் சொல்லிக் காட்டியிருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. பிறகு ஒருநாள், எங்கே போகிறோம் என்றும் சொல்லாமல் என்னைப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டுபோய் என் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதுவித்தீர்கள். இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, நீங்கள் பேனையை மூடும்போது, "இனி நான்தான் உம்மட வீட்டில குடியிருக்கிற ஆள்" என்றீர்கள். நொத்தாரிசு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண் கலங்கிவிட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். "உறுதியை வைச்சிட்டுப் போங்கோ, பதிஞ்சு தாறன்" என்று நொத்தாரிசு படித்துப் படித்துச் சொன்னார். நீங்கள் கேட்டால்தானே! "ஒறிஜினலை ஒருத்தரிட்டையும் விடமாட்டன், நானே கொண்டுபோய்ப் பதியிறன்" என்று வாங்கிக்கொண்டு வந்தீர்கள். வருகிற வழியில் இதே கடை. ஒவ்வொரு பக்கத்தையும் லெமினேட் செய்து, கையில் பிடித்தால் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும்படி ஆக்கி, கதவுக்குப் பின்னால் தொங்கிய பைக்குள் வைத்தீர்கள்.

அந்தப் பையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டைகள், பாஸ்போட், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், எங்கள் கலியாண எழுத்து, எல்லாம் பிளாஸ்ரிக்குக்குள். ஏதும் நடந்தால் செருப்பைத் தேடாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். கொட்டாஞ்சேனையில் உங்கள் அப்பாவின் வீடு கலவரத்தில் எரிந்தபோது உறுதியும் சேர்ந்து எரிந்தது. "வீடு எரிஞ்சால் திரும்பக் கட்டலாம். உறுதி எரிஞ்சால் நீ ஆர் எண்டு கேப்பாங்கள்" என்பீர்கள். அந்தப் பயம் எனக்கு விளங்காததல்ல. ஆனால் தண்ணீருக்கும் நெருப்புக்கும் காவல் பார்த்த மனுசன், பதிகிற வேலையை மறந்துபோனாரே! பதிந்தாயிற்று என்றுதான் நானும் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

என் முழங்கால் இப்போது ஐம்பத்துநாலு படிக்குச் சம்மதிப்பதில்லை. லிஃப்ட் இல்லாத வீட்டில் மீன்காரனின் சத்தம் கேட்டால் இறங்குவதா விடுவதா என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. ஹெவ்லொக் டவுனில் மகளின் வீட்டுக்கு அருகே கீழ்த்தளத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. எங்கள் வீட்டை வாங்கவும் ஒருவர் வந்தார். நல்ல மனுசன். ஒன்றுதான் கேட்டார்: மாத முடிவுக்குள் பதிந்த உறுதி வேண்டும். பையிலிருந்து எடுத்துப் பார்த்தபோதுதான் அதில் பதிவு முத்திரையே இல்லை என்று கண்டேன்.

பதிவகத்தில் யன்னலுக்குப் பின்னாலிருந்த பிள்ளை உறுதியைத் தட்டிப் பார்த்தாள். "அம்மே, மேக்கே சீல் கஹன்ன பே" என்றாள். இதில் முத்திரை குத்த முடியாதாம். பிளாஸ்ரிக்கில் மை நிற்காதாம். அப்போ என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். பெரியவரைக் கேட்கவேண்டும், "ஹெட்ட என்ன" என்றாள், நாளைக்கு வரட்டாம். அவள் சொன்ன அந்த நாளைக்குப் போனால் பெரியவர் லீவு. அடுத்த முறை போனால் ஏதோ கூட்டத்தில் இருக்கிறாராம். அதற்கடுத்த முறை, உரித்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். வாசலில் இளநீர் விற்கிறவருக்கே என் முகம் பழகிவிட்டது.

வீட்டுக்கு வந்து துணியை மேலே போட்டு அயர்ன் பண்ணிப் பண்ணி உரித்தேன். முதல் பக்கங்கள் பாதகமில்லை. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து கடதாசியிலேயே நின்றது. உங்களுடையதில் பாதி பிளாஸ்ரிக்கோடு வந்துவிட்டது. அயர்னை நிறுத்திவிட்டு உங்களைத் திட்டினேன். வாய்விட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி திட்டினேன். பிறகு அழுதேன்.

அதைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் பெரியவர் கண்ணில் பட்டார். தமிழ் கதைக்கிறவர். கிழிந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மா இதை உரிச்சீங்க? நொத்தாரிசு சட்டப்படி அப்பவே அனுப்பின ரெண்டாம் பிரதி இங்கதானே இருக்கு. அதில அத்தாட்சிப் பிரதி எடுத்துப் பதியலாமே" என்றார். இங்கதானே இருக்காம்! இத்தனை தரமும் நான் நின்ற யன்னலுக்குப் பின்னால், ஏதோ ஒரு றாக்கைத் தட்டில், உங்கள் முழுக் கையெழுத்தோடு அது இருந்திருக்கிறது. ஒருவருக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. உங்களைக் கோபிப்பதா அவர்களைக் கோபிப்பதா என்று தெரியாமல் அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் பதிந்து தந்தார்கள். வாங்க வந்தவருக்குப் போன் எடுத்தேன். மாதம் முடியும்வரை பார்த்துவிட்டு, போன கிழமை வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். "சொறி அக்கா" என்றார். கீழ்த்தள வீடும் கைமாறிவிட்டது என்று மகள் சொன்னாள்.

அந்த எரிச்சலோடுதான் கடைக்குப் போனேன், அதனால்தான் கத்தினேன். கொப்பி எடுத்துக் காசு கொடுத்த பிறகு கைப்பையிலிருந்து அந்தப் பிளாஸ்ரிக் துண்டை எடுத்து நீட்டினேன். "இதை மட்டும் லெமினேட் பண்ணித் தாங்கோ."

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன அன்ரி இது? அரைவாசிக் கையெழுத்துத்தானே கிடக்கு. ஆரின்ர?"

"என்ர வீட்டில குடியிருந்த ஆளின்ர" என்றேன்.

சூடு ஆறமுதலே அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, என் பெயரில் பதிந்த வீட்டுக்கு ஐம்பத்துநாலு படியும் ஏறினேன்.