தானாகவே புதுப்பிக்கப்பட்டது

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவள் அப்பா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் போனில் இருக்கிறார். சாப்பாட்டு மேஜை மேல் உன் துணிப்பை கிடக்கிறது. அதிலிருந்து பெட்ரோல் வாடை அடிக்கிறது. துவைத்துப் போட மனம் வரவில்லை.

நேற்று சாயங்காலம் உன் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். உன் ஸ்கூட்டரை விற்கப்போகிறாராம். சீட்டைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இது இருந்ததாம். "ஸ்கூல் சாமான் மாதிரி இருக்கும்மா, நீங்களே வச்சுக்குங்க" என்றார். பிரித்தேன். இரண்டு படப் புத்தகங்கள், அதற்கு அடியில் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆகிற மாதிரி ஒரு புது ஸ்வெட்டர், ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் உன் கோணல் எழுத்து: "வியாழன் பத்தரை, காய்கறிக் கடை. ஆனேக்கல், சித்தி வீடு. அங்கேர்ந்து ஓசூர் பஸ்." பையின் காதில் கட்டிய அட்டையில் வைட்ஃபீல்ட் அபார்ட்மெண்ட் ஒன்றின் பெயர், பி ப்ளாக், ஐந்தாவது மாடி.

நூலகப் பைக்குள் ஸ்வெட்டர் எதற்கு என்று பிரித்தபோது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

தொம்மலூர்ப் பள்ளியில் நீ பார்த்துக்கொண்ட அந்தச் சின்ன நூலக அறையில் என்னை நீ பிடித்துப்போட்ட நாள் ஞாபகம் இருக்கிறது. பாப்பாவை ஒன்றாம் வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வேலையை விட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "சும்மாதானே நிக்கற ஐ.டி. மேடம், உள்ள வா" என்றாய். பள்ளிக்கு வரமுடியாத அம்மா அப்பாக்கள் வீட்டிலிருந்தே போனில் புத்தகம் கேட்கவேண்டும், நீ பையில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பாய். அதற்கு ஒரு இணையப் பக்கம் செய்து தரச் சொன்னாய். செய்தேன். செய்த பிறகுதான் வேலையே ஆரம்பித்தது. அதை எப்படித் திறப்பது, எங்கே அமுக்குவது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போனில் சொல்லித்தர வேண்டியிருந்தது. ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லக்கூடாதென்று பேங்கில் சொல்லியிருக்கிறார்கள், உனக்கு மட்டும் எப்படிச் சொல்வது என்று ஒரு அம்மா உன்னோடு அரைமணி நேரம் சண்டை பிடித்தாள். ஆட்டோ ஓட்டும் அப்பா ஒருவரிடம் புத்தகத்தின் பார்கோடைப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். மூன்று தடவையும் மகனைப் புத்தகத்தோடு நிற்கவைத்து எடுத்து அனுப்பினார். பார்கோடு தெரியவில்லை என்று நீ சொன்னதற்கு, "பையன் நல்லாத் தெரியறானா மேடம்?" என்று கேட்டார். அன்று நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் அனுப்பி அமைதியாக இருக்கச் சொன்னார்கள்.

அந்தப் பக்கத்தின் கடைசியில் ஒரு கட்டம் வேண்டும் என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய். 'வேறு ஏதாவது சொல்லணுமா?' என்று அதற்குமேல் எழுதவைத்தாய். அவர்கள் எழுதுவதற்குக் கீழே நீ பதில் எழுதலாம். எனக்கு அந்தக் கட்டத்தைக் கண்டாலே ஆகாது. 'வேன் லேட்', 'பாப்பாவுக்குக் காது வலி', 'புக்கு சூப்பர் மிஸ்' என்று குப்பையாக வந்து விழும். எடுத்துவிடலாம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "இருந்துட்டுப் போகட்டும் பா, உன்கிட்ட வாடகையா கேக்குது?" என்பாய்.

நாள் கடந்த புத்தகத்துக்கு நீ போன் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்துவிடுவாய். புத்தகத்தைப் பற்றி ஒரு வாக்கியம்தான் இருக்கும். பிறகு, "புக்கு கெடக்கட்டும், குரல் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்பாய். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போகும். பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்காரர்களுக்கு வாய் நீளம் என்று நான் உன்னைக் கேலி செய்வேன்.

ஏப்ரலில் லீவு விட்டார்கள். ஒரு புதன்கிழமை ராத்திரி உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு என்றார்கள். சனிக்கிழமை வந்து பார்த்தேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தாய். உனக்கு ஒரு பாரத்தையாவது இறக்கிவைப்போம் என்று முந்தின நாளே எல்லாவற்றையும் நான் ஒழுங்கு செய்திருந்தேன். பெருமையாகச் சொன்னேன்: லீவு முடியும்வரை எல்லாப் புத்தகத்தின் கெடுவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தானாகவே புதுப்பிக்கப்படும், யாருக்கும் போன் செய்யவேண்டாம், அந்தக் கட்டத்தையும் எடுத்துவிட்டேன் என்று. நீ கண்ணைத் திறந்து, "இன்னைக்கு என்ன கிழமை?" என்றாய். சனி என்றேன். "யாராச்சும் எழுதியிருந்தாங்களா?" என்றாய். யாரும் எழுதவில்லை, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, நீ தூங்கு என்றேன். சுற்றிலும் உங்கள் வீட்டார் நின்றிருந்தார்கள். நீ சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாய். நிம்மதியாகத் தூங்கப்போகிறாய் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமை நீ இல்லை.

யாரும் எழுதவில்லை என்று சொன்னேனே, அதை நான் பார்த்துச் சொல்லவில்லை. நான் பார்த்தது புத்தகப் பட்டியலை மட்டும்தான்.

நேற்று இந்தப் பையைப் பிரித்த பிறகுதான் பழைய பதிவுகளைத் திறந்தேன். அட்டையில் இருந்த வீட்டைத் தேடி, கடைசிக் கட்டத்தில் அந்த அம்மா எழுதியதையும் அடியில் நீ எழுதியதையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். 'போன் பண்ணாதீங்க மிஸ், அவர் கால் லிஸ்ட் பார்ப்பார். இதை மட்டும் பார்க்க மாட்டார்.' 'கேட்டுக்கு வராதீங்க, யார் வந்தாலும் தகவல் அவர் போனுக்குத்தான் போகும்.' 'இன்னைக்குக் கை தூக்க முடியல, பையை நாளைக்கு வாங்கிக்கறேன்.' 'போன தடவை பக்கத்து வீட்டுக்காரங்க போலீசைக் கூப்பிட்டாங்க. அவர் காபி கொடுத்து அனுப்பிவச்சார். அவங்க போன பிறகு ரொம்பக் கஷ்டம்.' அதற்கு நீ, 'நீங்க சொல்லாம நான் எதுவும் செய்ய மாட்டேன். சத்தியம்' என்று எழுதியிருந்தாய். நாட்கள் போகப்போக உன் வரிகள் சிறியதாகிவிடுகின்றன: கிழமை, மணி, இடம். அவள் கடைசியாக எழுதியது: 'சரி மிஸ். வியாழன் பத்தரைக்குப் பாப்பாவோட நிக்கறேன்.'

அந்த வியாழக்கிழமை நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். வெள்ளிக்கிழமை கட்டத்தை நான் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆறு வாரம். அந்த வீட்டுக் கணக்கில் ஒரே வாசகம் மூன்று தடவை இருக்கிறது: தானாகவே புதுப்பிக்கப்பட்டது, தானாகவே புதுப்பிக்கப்பட்டது, தானாகவே புதுப்பிக்கப்பட்டது. அது இல்லாமலிருந்தால் புத்தகம் நாள் கடந்திருக்கும், யாராவது கேட்டிருப்போம்.

இன்று காலை பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வைட்ஃபீல்டுக்குப் போனேன். கேட்டுக்கு வராதீங்க என்று அவள் எழுதியிருந்ததைப் படித்த பிறகும் கேட்டுக்குத்தான் போய் நின்றேன். பதற்றத்தில் மூளை வேலை செய்யவில்லை. காவலாளி என் பெயரையும் நம்பரையும் வாங்கிக்கொண்டு போட்டோ எடுத்துவிட்டான். எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்கே போயிருக்கும் என்று உறைத்தது. உடனே அவன் போனுக்கு அழைப்பு வந்தது. அவன் ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டினான்.

அவள் கணவர்தான். அவ்வளவு மரியாதையான குரல். நூலகத்திலிருந்து வருகிறேன் என்றேன். அவங்க ஊருக்குப் போயிருக்காங்க மேடம், லீவுதானே என்றார். புத்தகமெல்லாம் கொடுத்தாகிவிட்டதாக நினைத்தாராம், வந்ததும் சொல்கிறாராம். நன்றி சொல்லி முடிக்கப்போனேன்.

"முன்னாடி ஒருத்தங்க ஸ்கூட்டர்ல வருவாங்களே, இந்தக் காய்கறிக் கடைப் பக்கம். இப்ப வர்றதில்லையா?" என்றார்.

அவங்க தவறிட்டாங்க சார் என்றேன்.

"அப்படியா. சரி மேடம், நீங்க கிளம்புங்க."

சாலையைத் தாண்டி அந்தக் காய்கறிக் கடை நிழலில் நின்று மேலே பார்த்தேன். ஐந்தாவது மாடி பால்கனியில் ஒரு நைட்டியும் சின்னக் கவுன் ஒன்றும் காய்ந்துகொண்டிருந்தன. கவுனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கடைக்கார அம்மா தர்மபுரிப் பக்கம். நான் மேலே பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

"அந்தப் பொண்ணா? கீழ எறங்கியே ரொம்ப நாளாச்சும்மா. அன்னிக்கு ஒரு நாளு கொழந்தைய கையில புடிச்சிக்கினு, ஒரு பைய வச்சிக்கினு இங்கயே நின்னுச்சி. ரெண்டு மணி நேரம் இருக்கும். யாராச்சும் வராங்களாம்மான்னேன். வருவாங்க, வருவாங்கன்னுச்சி. அப்பறம் அவரு கார எடுத்துனு வந்தாரு. ஒண்ணும் சத்தம் போடல. பையை அவரே வாங்கினு ஏத்திக்கினு போயிட்டாரு."

அது என்ன கிழமை என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பிரின்சிபாலிடம் சொன்னேன். எழுத்துகளையெல்லாம் அச்செடுத்து வை, காலையில் நானும் வருகிறேன் என்றார். பெண்களுக்கான உதவி எண்ணிலும் பேசினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். காலையில் ஆளோடு கட்டாயம் போகலாம், ஆனால் கதவைத் திறந்து ஒன்றுமில்லை என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டால் திரும்பத்தான் வேண்டும், அதற்கு முன் 'வாங்க' என்று அந்த அம்மாவிடமிருந்தே ஒரு வார்த்தை கிடைத்தால் கூட்டிக்கொண்டே வந்துவிடலாம் என்றாள். இவரிடம் சொன்னேன். "உன் போட்டோ, நம்பர் எல்லாம் அந்தாள்கிட்ட இருக்கு. நமக்கும் ஒரு பொண்ணு இருக்கு, தெரியுமில்ல?" என்றார். தெரியும். சாயங்காலத்திலிருந்து தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. எடுக்கவில்லை. பாப்பாவை இன்று கீழே விளையாட அனுப்பவில்லை.

அந்தக் கட்டத்தைத் திரும்பப் போட்டுவிட்டேன், அதே வாசகத்தோடு. தானாகப் புதுப்பிப்பதையும் நிறுத்திவிட்டேன். போட்டு ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டுக் கணக்கை யாரோ திறந்திருக்கிறார்கள். எதுவும் எழுதவில்லை, திறந்து பார்த்துவிட்டு மூடியிருக்கிறார்கள். அவளா, அவரா, தெரியவில்லை. அவளாக இருந்தால், நீ ஏமாற்றிவிட்டாய் என்றல்லவா ஆறு வாரமாக நினைத்துக்கொண்டிருப்பாள்? நீ ஏமாற்றவில்லை என்பதை அங்கே நேராக எழுத முடியாது. நீ இறந்துவிட்டாய் என்று அவரிடமிருந்தே தெரிந்துகொண்டிருப்பாளோ என்னவோ.

உன்னளவு எனக்குத் தைரியம் கிடையாது. வாயும் நீளம் கிடையாது. புத்தகத்தைக் கேட்கிற சாக்கில் மனுஷியைக் கேட்கிற அந்த ஒரு வித்தையைத்தான் உன்னிடமிருந்து எடுத்துவைத்திருக்கிறேன். இதுவரை செய்து பார்த்ததில்லை. யார் படித்தாலும் சந்தேகம் வரக்கூடாது, அவள் படித்தால் மட்டும் விளங்கவேண்டும் என்று நாலைந்து தடவை எழுதி அழித்து, கடைசியில் கட்டத்தில் இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். பக்கத்தை மூடாமல் கண்முன்னே வைத்திருக்கிறேன்.

'வணக்கம் அம்மா. உங்கள் மகள் எடுத்த இரண்டு புத்தகங்களும் நாள் கடந்துவிட்டன. முன்பு வந்த மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் அன்று வர முடியவில்லை. இனி நான் வருகிறேன். நாளைக் காலை வாங்கிக்கொள்ள வரலாமா? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.'