செத்த பிறகு வரும் மூன்று நாள்

அன்புள்ள அண்ணன் நெகுசேவுக்கு,

தங்கை அயெலெச் எழுதுகிறேன். துபாயில் உன்னை மரியம் மாதா சுகமாக வைத்திருக்கட்டும். போனில் பேசினால் "அப்புறம் பேசறேன்" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

மிளகாய் நன்றாகக் காய்ந்தது. நீ போட்ட தகரக் கூரை ஒழுகவில்லை.

தம்பி ஷிமெலிஸ் தேறிவிட்டான் என்று எல்லோரிடமும் சொல்கிறாயாம். தேறித்தான் இருக்கிறான். ஊசி போட்டதில் காதில் பேசிய குரல்கள் அடங்கிவிட்டன. இப்போதுதான் பன்னிரண்டு வருடம் வீணாய்ப் போனது அவனுக்குத் தெரிகிறது. போன மாதம், "அக்கா, நான் போயிட்டா நீ கல்யாணம் பண்ணிக்குவியா?" என்று கேட்டான். மறு வாரமே சாகத் துணிந்துவிட்டான். சந்தைக்குக் கிளம்பிய நான், மிளகாய் நிறுக்கும் தராசை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்ததால் பிழைத்தான். "குரல் அடங்கினப்புறமும் ஜாக்கிரதையா இருக்கணும், தனியா விடாதீங்க" என்றாள் நர்ஸ். இந்த மாதம் ஊசி மருந்தும் வரவில்லை.

தனியாக விடாமலிருக்க நான் ஒருத்திதான். சந்தைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் நம் சாவுச் சங்கத்தில் போய் நின்றேன். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரம் கட்டி, மூன்று நாள் மாற்றி மாற்றிக் கூடவே உட்காருகிறார்களே. "எங்க வீட்டுக்கு உட்கார வேண்டியதை இப்பவே உட்காருங்க, அவன் உயிரோட இருக்கறப்பவே" என்று கேட்டேன். தலைவர் காதைப் பொத்திக்கொண்டார். "வாயைக் கழுவு பொண்ணே! செத்தாத்தான் சங்கம்" என்றார். பின்னாலிருந்து ஒருவன், "பைத்தியத்துக்குக் காவல் இருந்தா நமக்கும் தொத்திக்கும்" என்று சிரித்தான். அவன் அம்மா செத்தபோது மூன்று நாளும் காபி வறுத்தவள் நான்.

ஒரே ஒருவர் வந்தார். தெருத்தெருவாகச் சாவுச் சேதி கூவுவாரே கெப்ரே மாமா, அவர்தான். சனிக்கிழமைதோறும் நான் சந்தையிலிருந்து திரும்பும்வரை தம்பியோடு உட்காருகிறார். முதல் நாள் அவரைப் பார்த்ததும் தம்பி, "என்ன மாமா, என் பேரைக் கூவிப் பாத்துக்க வந்தீங்களா?" என்றான். "உங்கப்பன் பேரோட சேத்துக் கூவணும்டா, எனக்கு மூச்சு வாங்கும். காபியை ஊத்து" என்றார். தம்பி சிரித்துவிட்டான். அவன் சிரித்து எத்தனை வருடம் ஆகிறது!

சனிக்கிழமைக்கு ஆள் ஆயிற்று. மற்ற ஆறு நாளுக்கு நான் யாரைக் கேட்பேன்?

அப்பா செத்தபோது இரண்டே நாளில் வந்து சேர்ந்தாய். கூடாரத்தில் விழுந்து புரண்டு அழுதாய். அன்றைக்குக் கிடைத்த லீவு இன்றைக்கு ஏன் கிடைக்காது? வா அண்ணா. ஒன்றும் கொண்டுவர வேண்டாம். அவன் பக்கத்தில் உட்கார், போதும்.

மாதா உன்னைக் காக்கட்டும். நீ வரும்வரை இவனை நான் காக்கிறேன். கூடாரம் கட்டிய பிறகு மட்டும் வந்துவிடாதே.

உன் தங்கை,
அயெலெச்