மூன்று மூலை நட்சத்திரம்

ஒக்டோபர் 12, சனி. இக்காஸ்ட்.

நானே செய்த தொலைநோக்கியை மனைவியின் தம்பி ரமணனுக்கு இன்று காட்டினேன். கடையில் வாங்கியிருக்கலாமே என்று ஒரு வருடமாக நக்கலடிப்பவன். என் கலியாணத்தில் தோழனாக நின்றபோதே சிரித்தவன்.

"அத்தான், நட்சத்திரத்துக்கு மூண்டு மூலை கிடக்கு!"

"உனக்குக் கண் பழுது. போய்க் காட்டு."

அவன் போனபின் நானும் பார்த்தேன். மூன்று மூலைதான். உள்ளே இருக்கும் மெல்லிய ஆடி விழுந்துவிடும் என்று பயந்து, விளிம்பைப் பிடிக்கும் மூன்று பிடிகளையும் இறுக்கியிருந்தேன். ஆடி வளைந்துவிட்டது. ஒரு கடதாசி நுழையும் அளவுக்குத் தளர்த்தினேன். நட்சத்திரம் ஒரே புள்ளியாக ஒடுங்கியது.

அவனைத் திரும்பக் கூப்பிட நினைக்க, அவனே போன் எடுத்தான்.

"அத்தான், திங்கள் கண் டொக்டரிட்டைப் போறன். எனக்குப் பயமாக் கிடக்கு."

"ஓம், போ. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார். மூலை ஒண்டும் தெரியாது" என்றேன்.