மனுசன் எங்கை எண்டு டொக்டர் கேட்டார்

ரொறொன்ரோ
மாசி 1998

அன்பான அத்தானுக்கு,

மாதாவின்ரை கிருபையாலை நான் சுகம். நீங்களும் மாமியும் எப்பிடி? நேவிக்காரன் கடலுக்குப் போக விடுறானோ?

எனக்கு நாற்பதாகுது, பிள்ளைக்காக டொக்டரிட்டைக் காட்டச் சொல்லி மாமி உங்களைக் கொண்டு கடிதத்துக்குக் கடிதம் எழுதுவிக்கிறா. சரி, போனன். பயப்பிட ஒண்டுமில்லை. வயசு போகப் போக முட்டைக்குள்ளை சக்தி குடுக்கிற சின்னச் சின்ன எஞ்சினுகள் களைச்சுப் போகுமாம். இளம் பொம்பிளை ஒருத்தியின்ரை முட்டையிலையிருந்து ஒரு துளி சாறு எடுத்து என்ரை முட்டைக்குள்ளை விட்டால், புது எஞ்சினுகளும் சேர்ந்து ஓடுமாம். அமெரிக்காவிலை இப்பதான் செய்து பாக்கினமாம். பிள்ளை ஆரின்ரை சாயலிலை இருக்கும் எண்டு கேட்டன். என்ரையும் உங்கடையுந்தானாம்.

பிறகு, "மனுசன் எங்கை?" எண்டார்.

"ஊரிலை, நாரந்தனையிலை."

"எப்ப வருவார்?"

"விசா வந்தால்."

"கலியாணம் எப்ப முடிஞ்சது?"

"ஆறு வருசத்துக்கு முந்தி."

டொக்டர் பேனையை மூடி வைச்சிட்டார்.

எனக்கு விசர்தான் வந்தது. விசாக்காரர் எங்கட பைலுக்கு மேலை குந்தியிருக்கினம், கிழடாகிறது என்ரை முட்டை! மாமியிட்டை வடிவாச் சொல்லுங்கோ: இஞ்சை எல்லா வைத்தியமும் இருக்கு, அவவின்ரை மோன்தான் இல்லை.

என்னோடை வேலை செய்யிற நிமலினி அக்கா சித்திரையிலை கொழும்புக்கு வாறா. ஆரும் அங்கை போனால் அவவிட்டைச் சேர்க்கச் சொல்லி, மாமி அவிச்சுக் காயவைச்ச புழுக்கொடியல் குடுத்து விடுங்கோ. நீங்கள் இடுப்பிலை உடுத்த பழைய சாரம் ஒண்டும் வையுங்கோ.

பஸ் வருது, நிப்பாட்டுறன்.

உங்கட
அன்ரனிட்டா

சாரத்தைத் தோய்க்க வேண்டாம். ஏன் எண்டு கேளாதேங்கோ.