மழையில் கறுத்த நீலச் சட்டை

வர்தியா,

எனக்கு எல்லாம் சரியாக நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. மழை இடைவேளைக்கு முன்பே பிடித்துக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன். அமாயாஸ் அணியின் கருநீலச் சட்டைகள் நனைந்து, என் கறுப்பு நடுவர் சட்டையைப் போலவே கறுத்துவிட்டன.

"அண்ணே, மஞ்சளை மாட்டிக்குங்க. நம்ம ஆளுன்னு நெனச்சு உங்களுக்கே பந்தைக் குடுத்துடப் போறேன்" என்று அமாயாஸ் சிரித்தான்.

"ஆடுறவங்க சட்டை கறுப்பா இருந்தாத்தான் நான் மாத்தணும். உங்களுது நீலம். விதியை எனக்கே சொல்லித் தர்றியா?" என்றேன். நீ வைத்த மஞ்சள் சட்டை பையிலேயே கிடந்தது.

கடைசி நிமிடத்தில் அவன் என்னைப் பார்த்துத்தான் பந்தைத் தள்ளினான். நான் விலகினேன். எதிரணி அதை எடுத்து கோல் போட்டது. நிறங்கள் தெளிவாக வேறுபட்டன என்று நான் அறிக்கை எழுதினேன். அப்படியானால் ஆட்டத்தை விற்றிருக்கிறான் என்று சொந்த ஊர்க்காரர்களே அவனை அடித்தார்கள்.

"மஞ்சச் சட்டை பையில இருந்துச்சுன்னு எழுத உங்களுக்கு என்ன கேடு?" என்று கேட்டாய். நீ கேட்டு ஐந்து நாளாகிறது. இப்போது பெஜாயா பஸ்ஸைப் பிடிக்கிறேன். லீக் அலுவலகத்தில் அதை எழுதிக் கொடுப்பேன்.

அடுப்பில் லூபியா, அந்த பீன்ஸ் குழம்பு, இருக்கிறது. அமாயாஸின் அப்பா வந்தால் உட்கார வை. அவர் ஏசினால் ஏசட்டும்.

அரெஸ்கி

பி.கு.: மருத்துவமனையில் விசாரித்தேன். அமாயாஸின் இடது கண்ணுக்குப் பார்வை திரும்பாதாம். அவன் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டது. அந்த கோலை யாரும் மாற்ற மாட்டார்கள். நான் இனி நடுவர் இல்லை.