பாரம் இறக்குகிற இடம்

மதினி,

இன்று காலை கம்பத்திலிருந்து வந்த, கரியில் ஓடுகிற பஸ் நம் தேனிக் கடைக்கு நேர் எதிரே புஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது. டிரைவர் இறங்கி டயரைத் தடவிப் பார்த்து, ஓர் ஆணியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு தெருவையே திட்டித் தீர்த்தார். மாட்டு லாடத்து ஆணி. இந்த யுத்த காலத்தில் டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு; அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் வேறு வழியில்லாமல் நம் கடைக்குள் வந்து வரிசையாக உட்கார்ந்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுப்படிக்குள் ஓடிப்போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் அரிசியை உலையில் போட்டிருப்பீர்கள். போன ஆடியில் நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான்.

ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இந்தப் பக்கம், அடிவாரத்தில் நமக்குச் சோற்றுக்கடை இருந்த காலம் நினைவுக்கு வருகிறது. பள்ளத்தாக்கின் ஏலக்காயும் காப்பிக்கொட்டையும் நெல்லும் பஞ்சும் அப்போது மாட்டுவண்டியில்தான் மதுரைக்குப் போயின. கணவாய் ஏறுவதற்கு முன் வண்டிக்காரர்கள் நம் கடையில் கை நனைக்காமல் போகமாட்டார்கள். பிறகு போடி வரைக்கும் தண்டவாளம் போட்டார்கள். கம்பத்து வண்டிகள் எல்லாம் தேனி ஸ்டேஷனில் பாரத்தை இறக்கிவிட்டு அப்படியே திரும்பிவிட்டன. நம் வாசலில் வண்டித்தடம் மறைந்து புல் முளைத்தது. கண்டிக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பாமல் போகவே நானும் அண்ணன் வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்ட சமயம் அது. சோற்றுக்கு ஒரு வாய் கூடிவிட்டதே என்று எனக்கு உள்ளூர ஓர் உறுத்தல்.

வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே அடுப்பைக் கொண்டுபோவோம் என்றீர்கள் நீங்கள். பழகிய இடத்தை விட்டு யாராவது போவார்களா என்றார் அண்ணன். வாக்குவாதம் முற்றி, அவர் மலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கம்பத்துக் கங்காணி ஒருவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். தை பிறப்பதற்குள் தேனியில் கடை காலூன்றாவிட்டால் குடும்பத்தோடு ஏலமலைக்கு வேலைக்கு வந்துவிடுகிறோம் என்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்படித்தான் மலையேறினார்கள். காய்ச்சலில் பாதிப் பேரை அங்கேயே புதைத்துவிட்டு மிச்சப் பேர் இறங்கி வந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். உங்கள் மகன் அப்போது பால்குடி கூட மறக்கவில்லை.

தேனியில் நாம் செய்த முதல் காரியமே கோணல். ரயிலில் வருகிற சனம் எல்லாம் பசியோடு இறங்கும் என்று கணக்குப் போட்டு, ஸ்டேஷன் வாசலுக்கு எதிரே கீற்றுக் கொட்டகை போட்டோம். ரயிலேறுகிற சனம் புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு வரும் என்பதை நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. நாமே அப்படித்தானே எங்கேயும் போவோம்! அவர்கள் நம் பெஞ்சில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்துச் சாப்பிட்டார்கள். நம்மிடம் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்து, நல்ல தண்ணி என்று வாயார வாழ்த்திவிட்டு ரயிலேறினார்கள். நீங்கள் வைத்திருப்பது கடையா, தண்ணீர்ப் பந்தலா என்று நான் கேலி செய்ததற்கு அன்று முழுக்க என்னோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள்.

அந்தக் கோபத்தில்தான் நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்ஸ் ஷெட் பக்கமே பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். அங்கே கம்பம், சின்னமனூர் வண்டிகள் வரிசையாக வந்து மூட்டை இறக்கின. இறக்கிய கையோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போயின. ஒரு வண்டிக்காரர் மட்டும் நொண்டுகிற காளையின் குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உத்தமபாளையம் போய் ராவுத்தரிடம்தான் லாடம் கட்ட வேண்டும் என்று முனகிக்கொண்டு போனார். அவர் போன திசையையே நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு என்னிடம் பேசினீர்கள். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மறுநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, திரும்பிப் போகிற வெறும்வண்டி ஒன்றில் உத்தமபாளையத்துக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

லாடம் கட்டுகிற ராவுத்தர் மரத்தடியில் உட்கார்ந்து ஆணிகளைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். தேனிக்கு வந்துவிடுங்கள் என்று நீங்கள் எடுத்த எடுப்பில் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் அத்தா காலத்திலிருந்து இந்த மரத்தடிதான், தன்னைத் தேடித்தான் மாடு வரும், தான் மாட்டைத் தேடிப் போவதா என்றார். நீங்கள் விடவில்லை.

“மாடு இங்கன வரையில பாரத்தோட வருது. பாரத்தோட வந்த மாட்ட எவரு அவுக்கச் சம்மதிப்பாக? திரும்பி வரையில வீட்டு நெனப்புல வருது, நிக்காது. தேனியில பாரம் எறக்குற வரைக்கும் மாடு சும்மா நிக்குது பாருங்க, அங்கனதான் குளம்பு ஒங்க கைக்கு வரும்.”

ராவுத்தர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். அவர் பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அவர் சம்சாரத்தின் குரல் வந்தது. “அந்தத் தாயி சொல்றது சரிதானே. நீங்க நாள் முழுக்க மாட்டுக்குத்தானே காத்துக் கெடக்கீக. போயித்தான் பாருங்களேன்.” அந்த அம்மாளை நாம் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் வண்டியில் திரும்பும் வழியெல்லாம் அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

கொட்டகையைப் பிரித்துக் கூட்ஸ் ஷெட் பக்கம் போட்டோம். அண்ணன் மூங்கிலைத் தோளில் சுமந்தபடி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பக்கத்து வாகை மரத்தடியில் ராவுத்தர் கயிற்றையும் ஆணிப்பெட்டியையும் வைத்தார். அவர் தொழுகைக்கு ஓர் இடத்தை நீங்களே கூட்டித் தெளித்துக் கொடுத்தீர்கள். காளையைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு காலையும் கட்டி, குளம்பைச் சீவி லாடம் அடிக்க எத்தனை நேரமாகும்! ஒன்று முடிந்தால் அதன் ஜோடி. மாட்டுக்காரர் அதுவரை எங்கே போவார்? நம் அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நீங்கள் யாரையும் கூப்பிடவில்லை. என்னையும் கூப்பிடக் கூடாது என்று கண்ணாலேயே அதட்டினீர்கள். முதல் ஆள் தானாக வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சோறு போடும்போது நீங்கள் ஒரு கரண்டி கூடுதலாகவே அள்ளி வைத்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மார்கழிக்குள் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற ஆசாரி வந்தார். பின்னாலேயே மூக்கணாங்கயிறு விற்கிறவர், சவரம் செய்கிறவர், பருத்திக்கொட்டை விற்கிறவர். காத்து நிற்கிற ஆட்களைப் பார்த்து ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் மத்தியானத்தில் நம் கடையில்தான் சாப்பிட்டார்கள்.

பொங்கல் முடிந்து கங்காணி வந்தார். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, மதினி. உட்கார இடமில்லாமல் அவர் வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. அண்ணன் தண்ணீர்க் குடத்தோடு இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்தார். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்ததும் அவர் முகம் செத்துவிட்டது. நீங்கள்தான் கரண்டியோடு முன்னால் வந்தீர்கள்.

“எல போடுறேன், சாப்பிட்டுப் போங்க கங்காணி. அவுக மலைக்கு வரமாட்டாக. இங்கன அடுப்ப அமத்துறதுக்குக்கூட எங்களுக்கு ஆளில்ல.”

கங்காணி கூட்டத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது, மலையில் இப்படி ஒரு கை இருந்தால் எவனும் ஊருக்கு ஓடமாட்டான் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் மகன் மலையேறவில்லை. நம்மில் யாருமே ஏறவில்லை.

அன்று பொட்டலாகக் கிடந்த இடத்தில் இன்று மூன்று தெரு இருக்கிறது. பின்னால் பஞ்சு அரவை மில் வந்து, அதில் வேலை செய்கிறவர்களின் வீடுகள் வாய்க்கால் வரைக்கும் போய்விட்டன. அன்று உங்கள் இடுப்பில் இருந்தவன் இன்று மூட்டையைத் தனியாளாகத் தூக்குகிறான். ராவுத்தரின் மருமகன் வாகை மரத்தடிக்கு எதிரே சைக்கிள் கடை போட்டிருக்கிறார். எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணன் உங்களை ஒருநாளும் ஒரு வார்த்தை மெச்சியதில்லை. உங்கள் கைச்சோற்றைத் தின்றுவிட்டு உப்புக் குறைச்சல் என்று மட்டும் சொல்வார். நீங்களும் உம்மென்று எழுந்து போவீர்கள். போன வாரம் மதுரையிலிருந்து ஒரு பையன் வந்தான். வளையல் கடை வைக்க இடம் தேடுகிறானாம். இந்த இடம் யாருடையது, யாரைக் கேட்க வேண்டும் என்று அண்ணனிடம் விசாரித்தான். அண்ணன் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“இது எம் பொஞ்சாதி உண்டாக்குன ஊரு தம்பி,” என்றார். “அவ இருந்தா ஒனக்கும் ஒரு எடம் காட்டியிருப்பா.”

அவருக்குப் பின்னால் நான் நின்றதை அவர் பார்க்கவில்லை. எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. நீங்கள் காலமெல்லாம் காத்திருந்து கேட்காமல் போன சொல்லை நான் கேட்டுவிட்டேன், மதினி. அதை உங்களிடம் சேர்க்கும் வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்தப் பையனைக் கூப்பிட்டு நான்தான் இடம் காட்டினேன். அவன் ஸ்டேஷன் வாசலைக் கேட்டான்; வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். மில் கேட்டுக்கு எதிரே, வேப்பமரத்து நிழலில். சங்கு ஊதுகிற வரைக்கும் வேலைக்காரப் பெண்கள் இப்போது அங்கேதான் நிற்கிறார்கள்.