துணி என் பையில், கம்பி உங்கள் பையில்

சிக்கோட்சு ஏரிக்கரை,
ஜூலை 9, 1991

கோபக்காரக் கணவருக்கு,

கப்பலில் நன்றாகத் தூங்கி, தோமகோமாயில் இறங்கி, வெயில் தாழ்வதற்குள் ஏரிக்கரைக்கு வந்துவிட்டேன். தன்னந்தனியாக! "ரெண்டாம் நாளே திரும்பி வந்துடுவே" என்று வாசலில் நின்று சொன்னீர்களே, அதற்காகவே எந்த மேட்டிலும் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை.

அப்புறம்தான் கூத்து. கூடாரப் பையைப் பிரித்தால் துணி இருக்கிறது, கம்பிகளைக் காணோம்! எப்போதும் துணி என் சைக்கிளில், கம்பி உங்கள் சைக்கிளில் என்றுதானே போவோம்? பழக்கதோஷத்தில் என் பங்கை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன். துணியை விரித்து நடுவில் உட்கார்ந்து சிரித்தேன். மோட்டார் சைக்கிளில் வந்திருந்த ஒரு பெண், "என்னக்கா, வித்தை காட்டப் போறீங்களா?" என்றாள். அவளும் நானுமாகச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே துணியைப் போர்த்தி, ஓரங்களில் கல் வைத்தோம். உள்ளே நானும் இரண்டு சக்கரங்களும். புரண்டால் பெடல் இடிக்கிறது.

உதவி கேட்டு எழுதவில்லை, தகவலுக்காகத்தான். பதில் போடுவதானால், ருமோய் தபால் நிலையத்தில் எனக்காக வைத்திருக்கும்படி எழுதிப் போடுங்கள்.

கினுகோ

---

செண்டாய்,
ஜூலை 12

பிடிவாதக்காரிக்கு,

கம்பிகள் வாசலில் குடை வைக்கும் தொட்டியில் நின்றுகொண்டிருந்தன. நான் பார்த்தபோது நீ நடுக்கடலில் இருந்தாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது. கரடி உலவும் ஊரில் துணியைப் போர்த்திக்கொண்டா படுப்பது?

பக்கத்து வீட்டு ஓனோதெரா, "என்னப்பா, பொண்டாட்டி ஓடிட்டாளா?" என்கிறான். "ஓடலைடா, சைக்கிள்ல போயிருக்கா" என்றேன்.

"அடுத்த வருஷம் போகலாம்" என்று இந்தப் பயணத்தை நான் இழுத்தடித்ததன் காரணத்தை எழுதிவிடுகிறேன். போன வருடம் ஸாவோ மலை ஏற்றத்தில் நீ என்னைத் தாண்டிப் போய், மேலே நின்று கை தட்டினாய். ஊக்கப்படுத்தத்தான் தட்டினாய், தெரியும். ஆனால் என் முழங்கால் இனி உனக்கு ஈடு கொடுக்காது என்று அன்றே தெரிந்துபோனது. உனக்குப் பாரமாக வர எனக்கு வெட்கம்.

கம்பிகளை, நீ கடைசியாகப் போய்ச் சேரும் வக்கனாய் தபால் நிலையத்துக்குப் பார்சலில் அனுப்பிவிட்டேன். இனி இரண்டும் உன்னிடமே இருக்கட்டும். தனியாகவே போய் வா.

தத்சுரோ

---

வக்கனாய்,
ஜூலை 17

முழங்கால்காரருக்கு,

என்ன நாள் இது, என்ன நாள்! காலையில் தெஷியோவில் ஒரு நரி என் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. துரத்தினேன். கொஞ்ச தூரத்தில் நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே தின்று முடித்தது. அப்புறம் காற்று என் முதுகைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தது. வீடு இல்லை, மின்கம்பம் இல்லை. இடது பக்கம் முழுக்கக் கடல், கடலுக்கு நடுவில் ரிஷிரி மலை. கத்தினேன், பாடினேன். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லோரும் கையசைத்தார்கள். நான் இரண்டு கைகளையும் தூக்கி அசைத்து, புல்லில் போய் விழுந்தேன். அடி ஒன்றுமில்லை.

விழுந்த இடத்தில் கிடந்தபடியே, "பாத்தீங்களா, மலை எவ்ளோ பெரிசு!" என்றேன். பக்கத்தில் சைக்கிள்தான் கிடந்தது. அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

தபால் நிலையத்தில் பார்சலை எடுத்து வைத்தார்கள். "பிரிக்காம அப்படியே திருப்பி அனுப்பிடுங்க" என்றேன்.

"ஏம்மா, விலாசம் தப்பா?"

"விலாசம் சரிதான். கொண்டு வரவேண்டிய ஆள்தான் வரலை."

கவிழ்த்த சைக்கிளுக்கு அடியில் ஒருத்தி படுக்கலாம். இரண்டு பேர் படுக்கக் கம்பி வேண்டும். என் பங்கை நான் நாட்டின் வடகோடி வரை சுமந்துவிட்டேன், உங்கள் பங்கை நீங்களே சுமந்து வாருங்கள். மேடு வந்தால் இறங்கித் தள்ளுங்கள். நான் கை தட்ட மாட்டேன், கூடவே இறங்கித் தள்ளுவேன்.

27ஆம் தேதி காலை தோமகோமாய் துறைமுகத்தில் நிற்பேன். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். திரும்பும் வழியில் வாங்கிக்கொள்கிறேன், பதில் ருமோய்க்கு.

உங்கள் கினுகோ

---

தந்தி
கினுகோ, ருமோய் தபால் நிலையம்
ஜூலை 21

கப்பல் சீட்டு வாங்கியாயிற்று. கம்பி என் பையில். துணியை மழையில் நனைத்துவிடாதே. தத்சுரோ.